மணி அடிக்காமல் போன படகு

ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒரு கடவுள், இந்தக் கரையில் ஒரு கடவுள். இதற்குக் காரணம் எந்த ஞானியும் இல்லை, எந்த வேதமும் இல்லை. வெள்ளம்தான்.

முன்னொரு காலத்தில் மலைக் கணவாய் வழியாக ஒரு படை இறங்கி வந்தது. கணவாய் அக்கரைப் பக்கம் இருக்கிறது. குதிரை வருவதற்கு வேறு வழி கிடையாது. அகப்பட்ட ஊர்களையெல்லாம் தன் கடவுளிடம் ஒப்படைத்துக்கொண்டே வந்த படை, ஆற்றைக் கண்டதும் நின்றுவிட்டது. மழைக்காலம். தண்ணீர் இரு கரையும் புரண்டு போய்க்கொண்டிருந்தது. தளபதி காத்திருந்து காத்திருந்து, காய்ச்சலில் படுத்து, கடைசியில் செத்தே போனான். அக்கரை புது மதத்தோடும் இக்கரை பழைய மதத்தோடும் நின்றுபோனது இப்படித்தான்.

“அந்தாளு கோடையில கிளம்பியிருந்தா எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிக் கும்பிட்டுக்கிட்டு இருந்திருப்போம். ஒரு மழைக்கு இத்தனை வெட்டுக்குத்து!” என்பாள் சக்கரத்தக்கா.

அவளுக்கு அந்தப் பெயர் படகுத்துறையில் வந்தது. துறையில் ஆள் உயரத்துக்கு ஒரு மரச்சக்கரம். அதில் சுற்றிய கயிற்றின் நுனி படகின் ஒரு பக்கத்தில் கட்டியிருக்கும். அக்கரையிலும் அதேபோல் ஒரு சக்கரம், ஒரு கயிறு. அவர்கள் சுற்ற, இவள் விட்டுக்கொடுக்க, படகு அக்கரை போகும். இவள் சுற்ற, அவர்கள் விட்டுக்கொடுக்க, இக்கரை வரும். ஒருவர் முரண்டு பிடித்தாலும் படகு நடு ஆற்றில் நிற்கும். புருஷன் செய்த வேலை இது. அவன் போனபின் அவள் கைக்கு வந்தது. தோள் இரண்டும் ஆண்பிள்ளைத் தோள் மாதிரி திரண்டுவிட்டன.

ஆற்றுக்கு மேலே ஒரு மெல்லிய கம்பி ஓடியது. இங்கே இழுத்தால் அங்கே மணி அடிக்கும். படகு கிளம்புமுன் மணி அடித்தாக வேண்டும். இரண்டு சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு கோடரி தொங்கியது. அது அந்தப் படை வந்த காலத்துச் சட்டம்: மணி அடிக்காமல் வரும் படகு எதிரிப் படையின் படகு, உன் பக்கக் கயிற்றை வெட்டிவிடு. கோடரிக்கு வேலையே வந்ததில்லை. ஆனாலும் சாணை பிடிக்காமல் விட்டதில்லை.

அக்கரைச் சக்கரக்காரரின் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியாது. விரல் உயரத்தில் ஓர் உருவம், அவ்வளவுதான். ஆனால் சாப்பிடப் போகும்போது மணியை ஒருமுறை தட்டிவிட்டுப் போவார். “போய்ட்டு வாங்க, நான் என்ன ஆத்தையா தூக்கிக்கிட்டு ஓடப் போறேன்?” என்று இவள் இங்கிருந்து முணுமுணுப்பாள்.

ஆறு சும்மா இருக்கவில்லை. ஒரு பெருவெள்ளத்தில் தடம் மாறி, அக்கரையின் ஒரு துண்டை வெட்டி இக்கரையில் ஒட்டிவிட்டுப் போனது. வீடுகள், தொழுகைக்கூடம், மனிதர்கள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தார்கள். ஆறுதான் சுற்றிக்கொண்டு போனது. அதற்கு வளைவுத் தெரு என்று பெயர் வந்தது. அந்தத் தெருவின் பூட்டுக்காரர் மகளைத்தான் சக்கரத்தக்காவின் மகன் கட்டிக்கொண்டான். கட்டிக்கொண்ட கையோடு தூரத்து நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். மாமியாருக்கும் மருமகளுக்கும் மதத்தால் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. உப்புக்கும் விளக்குமாற்றுக்குமே பகல் போதவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் கொழுந்தன் ஆரம்பித்தான். புருஷனின் தம்பி, துறைக்குச் சற்றுக் கீழே, ஆறு போகும் பக்கம், மரமில் வைத்திருந்தான். தண்ணீர் ஏறி மில்லுக்குள் வந்துவிட்டது. தொழுகைக்கூடம் ஆற்றை மறிக்கிறது, அதனால்தான் வெள்ளம் என்றான். யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்கிற அவசரத்தில் யாரும் இல்லை. ஒரு காலையில் மில் ஆட்கள் இரும்புக் கம்பிகளோடு வளைவுத் தெருவுக்குள் நுழைந்தார்கள்.

மருமகள் அப்பாவைப் பார்க்க முந்தின நாளே போயிருந்தாள். சத்தம் கேட்டுச் சக்கரத்தக்கா ஓடினாள். கூடத்தின் கூரை எரிந்து உள்ளே விழுந்துகொண்டிருந்தது. தையல்கடை வாசலில் ஒருவன் முகம் கவிழ்ந்து கிடந்தான். அவன் முதுகைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, தாண்டினாள். ஊரில் எல்லார் பூட்டையும் திறந்துகொடுத்த பூட்டுக்காரரின் கதவைக் கடப்பாரையால் திறந்திருந்தார்கள். அவருடைய சுத்தியலாலேயே அவரை அடித்திருந்தார்கள். தலை இருந்த இடத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு செருப்பு மட்டும் காலில் இருந்தது.

மருமகள் அவர் மேல் விழுந்து கிடந்தாள்.

“எந்திரிடி.”

“அப்பாவை விட்டுட்டு வரமாட்டேன் அத்தை.”

“உங்கப்பா இனிமே தனியா இருக்கப் பயப்பட மாட்டார். எந்திரி!”

முடியைப் பிடித்துத்தான் இழுத்துவந்தாள். பின்சந்து வழியாகத் துறைக்கு வந்தபோது, தெருவில் தப்பியவர்கள் ஏற்கெனவே படகில் நெருக்கியடித்து நின்றார்கள். மருமகளையும் உள்ளே தள்ளினாள்.

“அக்கரைக் கயித்தப் புடிச்சு நீங்களே இழுத்துப் போங்க. நான் விட்டுக்கொடுக்கறேன்.”

படகைத் தள்ளிவிட்டு மணிக்கம்பியைப் பிடித்து இழுத்தாள். கம்பி மொத்தமாகக் கையோடு வந்தது. அறுந்திருந்தது.

“என்ன அண்ணி, மணி அடிக்கலையா?”

சக்கரத்துக்குப் பின்னாலிருந்து கொழுந்தன் வந்தான். கையில் கம்பி வெட்டும் குறடு. கூட நாலைந்து பேர். யாரும் படகை நோக்கி ஓடவில்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

“அண்ணன் கூட இந்தச் சக்கரத்துலயே வளர்ந்தவன் நான்” என்று சிரித்தான். “மணி அடிக்காத படகு. அவங்க ஆளு கோடரியை எடுப்பான் பாருங்க. அக்கரைக் கயிறு அறுந்துச்சுன்னா படகு உங்க கயித்துல தொங்கிக்கிட்டு இந்தப் பக்கமே வந்து ஒதுங்கும். எங்கே? நம்ம மில்லு வாசல்ல. பசங்க அங்க நிக்கறாங்க. அவங்க ஆளு கையாலேயே ஆகட்டும். நமக்கெதுக்குப் பாவம்?”

“உன் அண்ணன் மகனோட பொண்டாட்டிடா அவ.”

“அது அவன் பண்ண தப்பு. சக்கரத்தை நல்லாப் புடிங்க, கைய விட்டுறாதீங்க.”

படகு நடு ஆற்றைத் தாண்டியிருந்தது. அக்கரையில் விரல் உயர உருவம் எழுந்து நின்றது. கரையோரம் நடந்து பார்த்தது. மணியை அண்ணாந்து பார்த்தது. எரியும் தெருவைப் பார்த்தது. பிறகு கோடரியை எடுத்தது.

வெட்டு விழுந்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் சத்தம் வந்தது. கயிறு மூன்று புரி. ஒரு புரி போயிருக்கும். படகில் இருந்தவர்கள் கத்தினார்கள். தண்ணீர்ச் சத்தத்தில் அது தாக்க வருகிறவர்களின் கூச்சல் போலத்தான் கேட்டிருக்கும். இரண்டாம் வெட்டு.

சக்கரத்தக்கா கட்டையைச் செருகிச் சக்கரத்தை நிறுத்தினாள். தன் கோடரியை எடுத்தாள். கொழுந்தன் தன்மேல்தான் வருகிறாள் என்று பின்னால் குதித்தான். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. விறைத்து நின்ற தன் கயிற்றில் ஓங்கி ஒரே வெட்டு.

கயிறு வெடித்தது. அறுந்த நுனி சவுக்காகத் திரும்பி, ஓரத்தில் நின்ற மில் ஆள் ஒருவனின் கழுத்தில் விளாசியது. அவன் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனான். கை ஒருமுறை மேலே வந்தது. அன்றைக்குச் செத்தவர்களில் அவன் தன் பாவம் என்று அவள் பிறகு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

இப்போது படகு ஒற்றைக் கயிற்றில், அதுவும் ஒற்றைப் புரியில் தொங்கியது. அக்கரையில் கோடரி மூன்றாம் முறை மேலே போயிருந்தது. அங்கேயே நின்றது.

கொழுந்தனின் இரும்புக் கம்பி அவள் வலது மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தத்தை அவள் கேட்டாள். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. அக்கரைக்காரர் கோடரியைக் கீழே போட்டார். சக்கரத்துக்குப் போகவில்லை, சுற்றி இழுத்தால் மிச்சப் புரியும் போய்விடும். வெள்ளம்தான் படகை மெல்லத் திருப்பி, அக்கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டுபோய்ச் சேற்றில் செருகியது. அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஓடினார்.

மறுநாள் அக்கரையில் இருந்த இக்கரைக் கடவுளின் ஆட்களுக்கு அதே கதி நடந்தது. அதே மாதிரிக் கம்பிகள். சேற்றில் கிடந்த படகில் அவர்களை இக்கரைக்கு இழுக்கக் கயிறு இல்லை. அந்தக் கயிற்றை அறுத்தவள் தான்தான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இப்போது பாலம் வந்துவிட்டது. பாலத்தின் நடுவில் இரும்புக் கதவு. இரண்டு பக்கமும் துப்பாக்கிக்காரர்கள். வளைவுத் தெரு இருந்த இடத்தில் மரமில் பெரிதாகியிருக்கிறது. கொழுந்தன் அடுத்த வீட்டில்தான் இருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்கும். “தூங்கலையா அண்ணி?” என்பான். அவள் இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். அவனுக்குப் பதில் சொல்லப் பழகவில்லை.

மகன் இப்போது அக்கரையில், மனைவியோடு இருக்கிறான். எப்போதாவது போன் செய்வான். ஒருமுறை அவள் கேட்டாள்:

“அந்த மனுஷன் ஏன்டா மூணாவது வெட்டு வெட்டலை?”

“நானும் கேட்டேம்மா. ‘சண்டைக்கு வர்றவன் திரும்பிப் போற கயித்தத் தானே வெட்டிக்குவானா? அந்தப் பக்கம் அந்தம்மாவுக்கு ஏதோ ஆகிப்போச்சுன்னு தெரிஞ்சுது’ன்னார்.”



“அவ எப்படி இருக்கா?”

“உங்க மேல இன்னும் கோவமாத்தான் இருக்கா. ‘அப்பாவைத் தெருவுல போட்டுட்டு என்னை முடியைப் புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க’ங்கறா. உங்ககிட்ட பேச மாட்டாளாம்.”

“பேச வேண்டாம்” என்றாள் சக்கரத்தக்கா. “நல்லா கோவப்படச் சொல்லு. கோவப்பட ஆளு இருக்குதே, அது போதும்.”