அம்மா தைத்த கறுப்புக் கோட்

அலுமாரியைத் திறந்தால் முதலில் கையில் படுவது அந்தக் கறுப்புக் கோட்தான். கொட்டாஞ்சேனையில் எங்கள் பங்குக் கோயில் இளைஞர்கள் ஒரு பழைய நாவலை நாடகமாகப் போட்டபோது, அண்ணனுக்காக அம்மா தைத்தது. ஏழைத் தாயின் மகன் பெரிய இடத்துச் சம்பந்தத்துக்கு ஆசைப்பட்டு, தான் பிரபு வீட்டுப் பிள்ளை என்று சொல்லிச் சொல்லி, தானே அதை நம்பிவிடுகிறான். தேடி வந்த தாயை வேலைக்காரி என்கிறான். அந்த மகனாக நடித்தவர் அண்ணன்.

அந்த நாட்களில் வீடு முழுக்கச் சிரிப்பு. அண்ணன் கோட்டோடு சந்தைக்குப் போனால் மீன்காரி விடமாட்டாள். “துரை, சூடை மீன் தின்னுவீங்களோ, இல்லாட்டிக் கப்பல்ல வேற வருதோ?” கடைசிக் காட்சியில் மகன் திருந்தி வந்து, நோயில் கிடக்கும் தாய்க்குத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்துவான். மண்டபமே அழுதது.

நாடகம் முடிந்தும் அண்ணனை விட்டு அந்தத் துரை நடை போகவில்லை. துறைமுகக் கந்தோரில் வேலை கிடைத்ததும் பேச்சும் மாறியது. ஒருநாள் அம்மா அவருக்குச் சோறு கொண்டு போனார். நான் பின்னால் ஒதுங்கி நின்றேன். வாசலில் அண்ணன் கந்தோர்ப் பெரியவர் ஒருவரோடு நின்றார். “வீட்டில வேலை செய்யிற மனிசி,” என்றார் அவரிடம்.

“ஓம் துரை, சோத்தை இதில வைக்கட்டோ?” என்றார் அம்மா. நாடகத் தாயின் அதே பணிவு.

“ஏனம்மா அப்பிடிச் சொன்னீங்க?” என்று வழியில் கேட்டேன்.

“பிள்ளைக்கு வெட்கமெல்லோ. கடைசியில வருவான், நீ பாரன்.”

அண்ணன் அந்தப் பெரியவரின் மகளைக் கட்டி வெள்ளவத்தைக்குப் போனார். ஒரு பஸ் தூரம்தான். வரவில்லை. விட்டுப்போன கோட்டை அம்மா வெயிலில் காயவைத்துக் காயவைத்துக் காத்திருந்தார்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற என் படிப்பை வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டி, அந்த நாவலை நான் பிறகு வாசித்தேன். அதில் கோட்டும் இல்லை, திருந்துவதும் இல்லை. தனக்கு ஒரு தாய் இருந்தாள் என்பதே அவனுக்கு மறந்துபோகிறது. சனம் மனக்கசப்போடு வீட்டுக்குப் போகக் கூடாதென்று, நாடகத்தை எழுதிய எங்கள் கோயில் சுவாமிதான் முடிவை மாற்றியிருக்கிறார். அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

கடைசி நாளில் அம்மா குளிருது என்றார். கோட்டை எடுத்துப் போர்த்தினேன். கண் திறக்காமல் தடவிப் பார்த்தார்.

“மகனோ போர்த்தினது?”

“ஓம் அம்மா, அண்ணன்தான்.”

செத்த வீட்டுக்கு அண்ணன் வந்தார். கதிரையில் கிடந்த கோட்டைப் பார்த்து, “இது ஆரின்ர கோட்?” என்று கேட்டார்.

“அம்மாவின்ர,” என்றேன். இன்றும் வெயில் கண்டால் எடுத்துக் கொடியில் போடுகிறேன்.