மகள் நின்ற கோடு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடிக் காற்று சுழற்றியடித்த ஒரு சாயங்காலம், போடியில் என் மகளின் பள்ளி மைதானத்தில் தொடங்கியது இது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஏலக்காய்க் கடையில் காயைச் சலித்துத் தரம் பிரிக்கும் வேலை. நாலு பேர் முன்னால் பேச வராது.

எட்டாம் வகுப்பு படித்த மகளுக்கு வாலிபால் என்றால் உயிர். அவளைக் கூப்பிடப் போனபோது, புதிதாக வந்த பி.டி. டீச்சர் சுண்ணாம்புப் பொடியில் மூன்று கோடு போட்டு சர்வீஸ் பழக்கிக்கொண்டிருந்தார். வலைக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, தூரத்தில் ஒன்று. மகள் வலைக்குப் பக்கத்துக் கோட்டில் நின்றாள். எனக்குச் சுருக்கென்றது. பெரிய காய், நடுத்தரம், பொடிக் காய் என்று நாள் முழுக்கப் பிரிப்பவன் அல்லவா? என் பிள்ளையைப் பொடியில் சேர்த்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

டீச்சரிடம் கேட்க வாய் வரவில்லை. மகளிடம் பாய்ந்தேன். "நாளைல இருந்து கடைசிக் கோட்டுல நின்னு அடி. இல்லாட்டி வெளாட்டே வேணாம்."

ஒரு வாரம் அப்படியே அடித்திருக்கிறாள். ஒரு பந்துகூட வலையைத் தாண்டவில்லை. தோள் வலி வேறு. "நான் டீம்ல இருந்து நின்னுக்கிறேன்ப்பா" என்றாள்.

பயந்துபோய் டீச்சரிடம் ஓடி, மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கோட்டை நான் பிரிச்சுக் குடுக்கலண்ணே. யாருக்கு எது தோதோ அங்க நிக்கச் சொன்னேன். நீங்க ஒண்ணு அடிங்க."

எனக்குப் புரியவில்லை. பிள்ளையே இடத்தை முடிவு செய்தால் டீச்சர் எதற்கு? அதற்குள் பந்து என் கையில் இருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக் கடைசிக் கோட்டுக்குப் போனேன். அடித்த பந்து பக்கவாட்டில் பறந்தது. "மாமா, வலை அந்தப் பக்கம்!" என்று ஒருத்தி கத்த, ஒரே சிரிப்பு. மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"முன்னால வாங்கப்பா."

நடுக் கோட்டிலும் முடியவில்லை. முதல் கோட்டில்தான் பந்து தாண்டியது. மகள் கைதட்டினாள்.

மறுநாள் அவள் மைதானத்துக்குப் போனாள். முதல் கோட்டில்தான் நின்றாள். இந்தத் தடவை நான் அதட்டவில்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், நடுக் கோட்டில் நிற்கிறாள்.

"யாரு போகச் சொன்னா?"

"யாரும் சொல்லல. போவோம்னு தோணுச்சு."

என்னை அதட்டித்தான் வேலை பழக்கினார்கள், நானும் பழகிக்கொண்டேன். அதனால் அதட்டுவதா, அவள் போக்கில் விடுவதா, எது சரியென்று இன்னும் குழப்பம்தான். நடுக் கோட்டுக்கு அவள் தானாகப் பின்னால் வைத்த அந்த நாலு எட்டுக்கு யார் வாத்தியார் என்பதும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.