துறையூருக்குப் போன காரணம்

திருச்சி பாலக்கரையில் பாக்கியமேரி டீச்சருக்கு நல்ல பெயர்தான் சொத்து. கல்யாணம் செய்துகொள்ளாமல், முப்பத்துமூன்று வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு, தன்னைவிட இருபது வயது இளைய தங்கை லிசியை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். அவள் புருஷன் விபத்தில் செத்ததும் திரும்பக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டார். இத்தனை செய்தவர், ஊர் வாய்க்கு மட்டும் நடுங்குவார்.

லிசி இரண்டு வருஷமாக இருமினாள். நெஞ்சை ஒரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்று அவள் சொன்னபோதெல்லாம் டீச்சர் மருந்துக்கடை சிரப்பைத்தான் நீட்டினார்.

"டிபின்னு எழுதிட்டா கோயில்ல யாரு நம்ம பக்கத்துல உக்காருவாங்க? வெறும் சளிதான். குடி."

டீச்சர் சொன்னால் கேட்டு நடக்க, சளி என்ன நாலாம் வகுப்புப் பிள்ளையா?

இந்த வருஷம் லிசிக்குக் காலையில் வாந்தி வந்தது. பூசை நடுவில் மயங்கி விழுந்தாள். சோறு இறங்கவில்லை, ஆனால் நார்த்தங்காய் ஊறுகாயை விரலால் வழித்துத் தின்றாள், கல் உப்பை வாயில் போட்டுச் சப்பினாள். முகம் வேறு கறுத்துப்போனது. விதவை, முப்பத்தொன்பது வயது, ஜவுளிக்கடை வேலை. டீச்சருக்கு வேறென்ன தோன்றும்? தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கடையில் யார் யார் வேலை பார்க்கிறார்கள் என்று ஊரில் நைசாக விசாரித்தார்.

தெரிந்த முகமே இருக்கக் கூடாது என்று, பஸ் ஏறித் துறையூரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். சிறுநீரைச் சோதித்துவிட்டுக் கர்ப்பம் இல்லை என்று சொன்னதுமே, "மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டரோ லிசியின் ஈறையும் உள்ளங்கை ரேகைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் மை பூசினாற்போல் கறுத்திருந்தன. மேல் பிரஷரே எண்பதைத் தொடவில்லை.

"எத்தனை நாளா இருமல்?"

"ரெண்டு வருஷமா," என்றாள் லிசி. டீச்சர் தரையைப் பார்த்தார்.

அன்றைக்கே திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் பார்த்த டாக்டர் டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நுரையீரல்ல இருந்த டிபி ரத்தம் வழியாப் போய், சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பி ரெண்டையும் அரிச்சிருச்சும்மா. அதுல சுரக்க வேண்டிய ஹார்மோன் சுரக்கல. உடம்புல உப்பு தங்காது, அதான் உப்புக்கு அலையிறாங்க. டிபி மாத்திரையைச் சில மாசத்துல முடிச்சிரலாம். ஹார்மோன் மாத்திரை ஆயுசுக்கும் வேணும். இன்னும் பத்து நாள் விட்டிருந்தா ஆள் மிஞ்சியிருக்க மாட்டாங்க."

டீச்சருக்கு 'மாதாவே' என்று சொன்ன வாயைத் தைத்துவிடலாம் போலிருந்தது. சாமியாரிடம் முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்வது சுலபம். தங்கையிடம் சொல்வதுதான் கஷ்டம்.

நாலாம் நாள் லிசி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

"லிசி, உன்னைத் துறையூருக்குக் கூட்டிட்டுப் போனது... நான் உன்னைத் தப்பா நெனச்சு..."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா வந்த? என் மூஞ்சில காறித் துப்பியிருக்கலாமேடி!"

லிசி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இருமலுக்கு ஒரு டாக்டர்கிட்டயும் நீ என்னைக் கூட்டிட்டுப் போகல. இதுக்காவது கூட்டிட்டுப் போறியேன்னுதான் வாயத் திறக்காம வந்தேன்."