வெள்ளைத் துண்டும் அரை சதவீதமும்

ரோங்ஷு மருந்துக் கம்பெனி செத்துப்போன சேதியை லியாவ் சூமெய் காலைச் சிற்றுண்டிக் கடையில்தான் கேள்விப்பட்டாள். அதே கம்பெனியில் பதினான்கு வருடமாகப் பங்குதாரர் பிரிவைக் கவனித்து வருபவள் அவள். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இரண்டு வார ஓய்வுக்குப் பிறகு அன்றுதான் வேலைக்குக் கிளம்பியிருந்தாள். கல்லில் முட்டை ரொட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்த கடைக்காரி, தன் நாத்தனாரிடம் பழக்கடைக்காரி சொன்னதைச் சூடு ஆறாமல் எடுத்து வைத்தாள்.

“உங்க கம்பெனி போய்ச் சேந்துடுச்சாமே அக்கா? காரியத் துண்டு கூடக் குடுத்துட்டாங்களாம்?”

“என்னது?”

“வெள்ளைத் துண்டு. என் நாத்தனா வரிசையில நின்னு, பாத்துட்டு, வாங்காமலே திரும்பி வந்துட்டா. சும்மா குடுத்தா செங்கல்லக்கூட வாங்கிட்டு வர்றவ அவ!”

சூமெய் சோயாப்பாலைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். தையல் போட்ட இடம் சுருக்கென்றது.

தைபேயில் பங்கு வைத்திருப்பவர்கள் கம்பெனியின் ஆண்டறிக்கையைப் படிப்பதில்லை. அன்பளிப்பைப் படிக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் பொதுக்கூட்டத்துக்கு முன்னால், லாட்டரிக் கடை வாசலிலும் தரகர் அலுவலகத்திலும் வரிசை நிற்கும். ‘என் சார்பில் வாக்களிக்கலாம்’ என்று ஒரு கையெழுத்து, அதற்கு ஒரு சாமான். அவ்வளவுதான் கணக்கு. நகவெட்டி கொடுத்தால் ஆராய்ச்சியில் ஏதோ சிக்கல். அரிசிப் பை வந்தால் பரவாயில்லை, வண்டி ஓடுகிறது. ரோங்ஷு ஒரே ஒரு வருடம் கண்ணாடிச் சாப்பாட்டுப் பெட்டி கொடுத்தது. அது இரண்டாம் கட்டச் சோதனை வெற்றி பெற்ற வருடம். அந்தப் பெட்டியில் மதியச் சாப்பாடு கொண்டுபோகிறவர்களைச் சூமெய் இன்றைக்கும் மெட்ரோவில் பார்க்கிறாள், பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் சிரிக்கிறாள்.

வெள்ளைத் துண்டு என்றால் ஒரே அர்த்தம்தான். துக்க வீட்டில் பணம் வைத்துவிட்டுத் திரும்புகிறவர் கையில் கொடுப்பது.

“டாக்டர், வெள்ளைத் துண்டு எதுக்குக் குடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தலைமை நிர்வாகி டாக்டர் ருவான் கணினியிலிருந்து தலையை எடுத்தார். நியூஜெர்சியில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு, போன ஆண்டு ஊர் திரும்பியவர். மூலக்கூறு என்றால் உயிர். மற்றதெல்லாம் அவருக்கு ஒரு குத்துமதிப்பு.

“முகம் துடைக்க.”

“கண்ணு துடைக்க.”

விஷயம் புரிந்ததும் அவர் முகமே வெள்ளைத் துண்டு மாதிரி ஆகிவிட்டது. “சாயம் போட்டா துண்டுக்கு நாலு தைவான் டாலர் கூடன்னாங்க. இருபத்திரண்டாயிரம் பங்குதாரர். எண்பத்தெட்டாயிரம் மிச்சமாகும்னு பாத்தேன்...”

“முப்பத்தோரு கோடி நஷ்டம். அதுல எண்பத்தெட்டாயிரத்தப் புடிச்சிட்டீங்க. நல்ல கை.”

“இத்தனை பேர் இருக்காங்களே, ஒருத்தர் சொல்லியிருக்கக் கூடாதா?”

சொல்லவில்லைதான். ஆராய்ச்சிக் கூடத்தில் கடைநிலை உதவியாளர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் புது முதலாளி முன்னால் போய் நின்று சாவுப் பேச்சை எடுப்பது துண்டைவிடக் கெட்ட சகுனம் என்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

சூமெய் உட்கார்ந்து நிலவரத்தைப் பார்த்தாள். ரோங்ஷு ஒரே ஒரு மருந்தைத்தான் பதினான்கு வருடமாகச் செய்துவருகிறது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ராப்பகலாக எடுக்கும் அரிப்பை நிறுத்துகிற மாத்திரை. இன்னும் ஒரு மாத்திரைகூட விற்கவில்லை. சென்ற ஆண்டு வருமானம் இரண்டே இனம். ஒன்று வங்கி வட்டி. இன்னொன்று, கார் நிறுத்தும் இடத்தில் பாதியைப் பக்கத்து நூடுல்ஸ் கம்பெனிக்கு விட்ட வாடகை. நஷ்டம் முப்பத்தோரு கோடி. ஆண்டறிக்கையில் சூமெய் வருடா வருடம் எழுதும் வாக்கியம் ‘நஷ்டம் எதிர்பார்த்தபடியே அமைந்தது’ என்பது. அந்த வரியில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு. கையில் மிச்சம் இருபத்தெட்டுக் கோடி, இழுத்துப் பிடித்தால் பதினோரு மாதம் தாங்கும்.

ஒரு ஜப்பானிய மருந்து நிறுவனம் அறுபது கோடி போட ஒப்புக்கொண்டிருந்தது. அதில் மூன்றாம் கட்டச் சோதனை முடிந்துவிடும். ஆனால் புதுப் பங்கு வெளியிடப் பொதுக்கூட்டம் சம்மதிக்க வேண்டும். கூட்டம் செல்லுபடியாக, மொத்தப் பங்கில் பாதிக்கு மேல் வந்திருக்க வேண்டும், ஆளாகவோ கையெழுத்தாகவோ. எதிர்த்து வாக்களிப்பவர்களைப் பற்றிச் சூமெய்க்கு என்றைக்கும் கவலை இருந்ததில்லை, அவர்கள் சொற்பம். வராதவர்கள்தான் அவளுக்கு எமன். பெரிய பங்குதாரர் என்று சொல்ல ஒருவர்தான், அவரிடம் பத்தொன்பது சதவீதம். மிச்சமெல்லாம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், டாக்சி ஓட்டுநர்கள், சிற்றுண்டிக் கடைக்காரியின் நாத்தனார்கள். அன்றைய நிலவரப்படி வந்தது இருபத்திரண்டு சதவீதம். போன வருடம் இதே நாளில் முப்பத்தெட்டு.

பதினான்கு வருடத்தில் ஒரு கூட்டம் தவறியதில்லை. ஐம்பத்தேழு வயதில் இது தவறினால் கம்பெனிக்குப் பதினோரு மாதம். அவளுக்கும் அதேதான். இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

துண்டு நெய்த ஹூவெய் ஊர் ஆலைக்காரிக்குப் போன் போட்டாள்.

“நான் அன்னைக்கே கேட்டேம்மா,” என்றாள் ஆலைக்காரி. “வெள்ளைன்னதும், ஐயோ பாவம், யாரு தவறிட்டாங்கன்னு கேட்டேன். இன்னும் யாரும் இல்ல, அடுத்த மாசம் பொதுக்கூட்டம்னார் உங்க டாக்டர். என்ன கம்பெனியோ, முன்கூட்டியே ஏற்பாடு பண்றாங்கன்னு நெனச்சேன்.”

“பதினெட்டாயிரம் துண்டு அப்படியே கெடக்கு. திருப்பி எடுத்துக்குவீங்களா?”

“எடுக்க மாட்டேன். ஆனா வழி சொல்றேன். துண்டைச் சுருட்டி கேக் பண்ணத் தெரியுமா? கல்யாணத்துக்கு எங்க ஊர்ல அதான் குடுக்கறோம். செவப்பு ரிப்பன் கட்டிட்டா வெள்ளை வெள்ளையா இருக்காது, க்ரீமா ஆயிடும்.”

அடுத்த பன்னிரண்டு நாள் ரோங்ஷுவின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆராய்ச்சி குறைவாகத்தான் நடந்தது. முனைவர் பட்டம் பெற்ற பதினேழு பேர் நீள மேசையைச் சுற்றி நின்று துண்டு சுருட்டினார்கள். ஆய்வுக்கூடத் தலைவி பெய்யுன், சுருட்டும் முறையை ஒன்பது படிகளாக எழுதிச் சுவரில் ஒட்டினாள். முதல் நாள் ஒரு துண்டுக்கு நான்கு நிமிடம் ஆனது. நான்காம் நாள் ஐம்பது விநாடி.

“அக்கா, இதுக்கு முன்னாடி நாங்க எதையும் இவ்வளவு வேகமா முன்னேத்தினதில்ல,” என்றாள் பெய்யுன்.

“ஆண்டறிக்கையில எழுதட்டுமா?”

டாக்டர் ருவானும் சுருட்டினார். அவர் சுருட்டியதெல்லாம் கட்டு போட்ட கால் மாதிரி இருந்ததால், ரிப்பன் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள்.

ரிப்பன் கட்டிய வட்டக் கேக்குகள் லாட்டரிக் கடைக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் வரிசை திரும்பி வந்தது. சிற்றுண்டிக் கடைக்காரியின் நாத்தனார் இரண்டு வாங்கினாள். கடைக்காரி அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, யாராவது கேக் என்று நினைத்துக் கேட்டால் விழுந்து விழுந்து சிரித்தாள். முப்பத்தொன்று, முப்பத்தொன்பது, நாற்பத்தாறு. கையெழுத்து வாங்கும் கெடு முடிந்த மாலை, நேரில் வருவதாகப் பதிந்தவர்களையும் சேர்த்து, சூமெய்யின் திரையில் நின்ற எண் நாற்பத்தொன்பது புள்ளி ஆறு.

பாதியைத் தாண்ட ஏறக்குறைய அரை சதவீதம் போதவில்லை. அந்த அரை சதவீதம் யாரிடம் இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

யுன்லின் மாவட்டத்தில் விலாங்குப் பண்ணை வைத்திருந்த தூ பெரியவர். நான்கு லட்சத்து அறுபதாயிரம் பங்கு. பணம் பெருகும் என்று வாங்கியவரில்லை. அவர் மனைவிக்கு எட்டு வருடமாக டயாலிசிஸ். அரிப்பு தாங்காமல் அந்தம்மாள் சீப்பால் முதுகைச் சொறிவதைப் பார்த்துப் பார்த்து, இந்தக் கம்பெனியைத் தேடிக் கண்டுபிடித்து வாங்கியவர். மாதம் ஒரு தடவை சூமெய்யைப் போனில் கூப்பிட்டு, “மாத்திரை வந்துடுச்சாம்மா?” என்பார். “இன்னும் இல்ல ஐயா” என்பாள். “சரி, இன்னும் கொஞ்சம் வாங்கிப்போடறேன்” என்பார். அவரைப் போன்றவர்களுக்குச் சூமெய் வருடா வருடம் அன்பளிப்பைத் தபாலில் அனுப்பிவிடுவாள், தன் பெயர் போட்டு. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அலுவலகம் அந்தப் பட்டியலை மறக்காமல் கடைப்பிடித்தது. பெரியவரின் மனைவி காய்ச்சலில் மருத்துவமனையில் சேர்ந்த அன்று, லியாவ் சூமெய் என்ற பெயரோடு ஒரு வெள்ளைத் துண்டு வீட்டு வாசலுக்கு வந்தது.

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. கேக்கையும் மன்னிப்புக் கடிதத்தையும் அனுப்பினாள். கேக் திரும்பி வந்தது. அழைத்தால் சரியாக இரண்டாவது மணியில் துண்டித்துவிடுவார். கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் ஒரே ஒரு தடவை, திட்டுவதற்காக எடுத்தார்.

“என் பொண்டாட்டி பொழச்சு வீட்டுக்கு வந்துட்டா. தெரியுமா உனக்கு? அவ பொழச்சதுல உனக்கு வருத்தமா?”

“ஐயா, சத்தியமா நான்...”

“பேசாத! இருபத்தஞ்சாம் தேதி நானே வர்றேன். அந்தத் துண்ட உங்க டாக்டர் மூஞ்சியிலயே எறியறேன்!”

சூமெய்க்கு அழுகையும் வந்தது, கணக்கும் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வாங்க ஐயா. அவசியம் எறியணும். ஆனா ஒம்பது மணிக்குள்ள வந்து, வாசல்ல கையெழுத்துப் போட்டுட்டு எறிங்க.”

மறுமுனையில் துண்டிப்பு. அதன்பின் மறுபடியும் அதே இரண்டு மணிதான்.

“அவர் வந்து எதிர்த்து வாக்குப் போட்டா?” என்று கேட்டார் டாக்டர் ருவான்.

“போடட்டும். வந்தாலே பாதி தாண்டிடும். வந்திருக்கறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு ஆதரவு நம்மகிட்ட இருக்கு. நீங்க மேடையில ஓரமா நில்லுங்க, அவர் கைக்கு எட்டற தூரத்துல. கண்ணாடியக் கழட்டி வச்சுடுங்க.”

இருபத்தைந்தாம் தேதி காலை வாக்கு எண்ணும் கணினியின் மேல், அது ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டுமென்று, அந்த ஊர் நம்பிக்கைப்படி பச்சைப் பையில் தேங்காய்ப் பொரி வைத்தார்கள். காலாவதியான பொரி பலிக்காது என்பதால் சூமெய் வந்து தேதியைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. பெரியவரை அழைத்துவரப் பெய்யுனை நாங்காங் ரயில் நிலையத்துக்கு அனுப்பியிருந்தாள், கையில் ஒரு துண்டுக் கேக்கை அடையாளமாகப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி.

ஒன்பது மணிக்கு நாற்பத்தொன்பது புள்ளி ஆறு. கூட்டத் தலைவர் எழுந்து, சட்டப்படி, கூட்டத்தை அரைமணி ஒத்திவைத்தார். ஒன்பதரைக்கும் அதே எண். இன்னொரு அரைமணி. அதற்குமேல் ஒத்திவைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஜப்பானியப் பிரதிநிதி முன்வரிசையில் முழங்காலில் கை வைத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் இருந்த மூதாட்டி அவருக்குத் துண்டைக் கேக்கிலிருந்து பிரித்து மறுபடி சுருட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பெய்யுனிடமிருந்து அழைப்பு. “அக்கா, அஞ்சு ரயில் வந்தாச்சு. காணோம். ரெண்டு பேர் வந்து கேக் என்ன விலைன்னு கேட்டாங்க. ஒருத்தர் வாசன கூடப் பாத்தார்.”

“அங்கயே நில்லு.”

மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. மேடை ஓரத்தில் டாக்டர் ருவான் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், வாசல் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்கு வரும் எண்ணம் இல்லவே இல்லையோ? அந்தம்மாளுக்கு மறுபடி காய்ச்சலோ? துண்டை எறிய வருகிறேன் என்றதை நம்பி அறுபது கோடியை அதன் மேல் வைத்தது தன் தப்போ?

சூமெய் வாசல் மேசைக்கு வந்தாள். கையெழுத்துப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே இருந்த கட்டம் காலியாக இருந்தது. பேனாவின் மூடியைத் திறந்து, அந்தக் கட்டத்தின் மேலேயே வைத்தாள். பிறகு போனை எடுத்துப் பெரியவரின் வீட்டு எண்ணை அழுத்தினாள்.

முதல் மணி.

இரண்டாவது மணி. அவள் பழக்கத்தில் போனைக் காதிலிருந்து எடுக்கப் போனாள்.

மூன்றாவது மணி.

அவர் துண்டிக்கவில்லை, அப்படியென்றால் வீட்டில் இல்லை: வரும் வழியிலா, ஆஸ்பத்திரியிலா? சூமெய் இன்னொரு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். நான்கு. ஐந்து. உள்ளே தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஆறு. போன் அடித்துக்கொண்டே இருந்தது.