ஆடிச்சுற்றில் அம்மன் தீர்த்த பழி

கோமதியம்மன் சன்னதிக்கு வந்து போகிற தாய்மார்கள் எல்லார் காதிலும் இது விழட்டும். ஊருக்கு மழை பெய்ய வேண்டும், பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நான் அவளிடம் கேட்கவில்லை. என் ஓரகத்தி மரகதத்தின் வாய் அடைபட்டுப் போக வேண்டும், அவள் நாக்கு இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று கேட்டேன். மனசார, கண்ணீர் விட்டுக் கேட்டேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? என் வயிறு அப்படி எரிந்தது.

ரங்கூனில் சப்பான்காரன் குண்டு போட்டான் என்று சேதி வந்ததிலிருந்து என் அண்ணனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பெகுவில் அரிசி மில்லில் வேலை பார்த்தவன். அங்கேயே ஒரு பர்மாக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள். நம் அம்மன் பேரைத்தான் வைத்திருந்தான், கோமதி என்று.

அந்த வைகாசி மாதம் கடையநல்லூர் பாய் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் புண்ணோடு ஒரு பெண் நின்றாள். பதின்மூன்று வயதிருக்கும். முகம் போட்டோவில் பார்த்த அவள் அம்மாவுடையது. காது மட்டும் என் அண்ணன் காது.

"உங்க அண்ணாச்சி பர்மாவிலேருந்து நடந்து வர்ற மலைப்பாதையிலே தவறிட்டாகளாம்மா. கூட வந்தவுக சொன்னாக. இந்தப் பிள்ளையை நான் கல்கத்தாவிலேதான் பாத்தேன். பேரைக் கேட்டா கோமதின்னுச்சு, ஊரைக் கேட்டா சங்கரன்கோவில்னுச்சு. அதுக்குப் பொறவு வாயைத் தொறக்கலே" என்றார். அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கத் தோன்றாமல் நான் திண்டாடி நின்றேன். என் அண்ணன் எப்படிச் செத்தான், யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி ஊமையாக நின்றாள்.

மரகதமும் நாங்களும் ஒரே வளவில் குடியிருக்கிறோம். அவள் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு. பிள்ளை வந்த மறுநாளே அவள் கிணற்றடியில் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏட்டீ, அந்தப் பிள்ளையைக் கிணத்துப் பக்கம் விடாதே. நாப்பி தின்ன கை. வாளியைத் தொட்டுச்சுன்னா நாங்க தண்ணிக்கு எங்கனட்டீ போவ?"

நாப்பி என்பது பர்மாவில் மீனைப் புளிக்க வைத்துச் செய்வது. சொல்கிறவள் யார்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கருவாடு சுட்டு வளவையே நாறடிக்கிறவள்! எனக்கு அன்றைக்கே அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்கக் கை பரபரத்தது. நெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கி, "விடுட்டீ, மதினி குணம் தெரிஞ்சதுதானே" என்றார். அவருக்கு எல்லாமே 'விடுட்டீ'தான்.

ஆனியில் கோமதியைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். வாயைத் திறந்து வாசிக்காததால், அத்தனை வளர்ந்த பெண்ணை ஒண்ணாங்கிளாசில், மூக்கொழுகுகிற பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்தார்கள். சிலேட்டைக் கொடுத்தால் பர்மா எழுத்தை வட்டம் வட்டமாக எழுதினாள். "முறுக்குச் சுத்துதா, முறுக்குச் சுத்துதா" என்று பெரிய பெண்கள் கேலி பண்ணினார்கள். அன்று முதல் அவள் பேரே முறுக்கு. சாயங்காலம் என் வீட்டுக்காரர் கழிவு நூலை எடுத்துப் பாயில் ஆனா, ஆவன்னா என்று வளைத்துக் காட்டுவார். அவள் பார்ப்பாள், விரலால் தடவுவாள், அப்படியே நூலை வளைத்துக் காட்டுவாள். நெடுங்கணக்கு முழுதும் சீக்கிரமே வந்துவிட்டது. சத்தம் மட்டும் வரவில்லை.

மரகதம் சும்மா இருந்தாளா? வீடு வீடாகப் போனாள். பிணங்களோடு நடந்து வந்த பிள்ளை, பேய் பிடித்திருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் பிள்ளைக்கும் ஒட்டும் என்று ஓதிவிட்டாள். ஒரு வாரத்தில் கோமதி வகுப்புக்கு வெளியே, தாழ்வாரத்தில் ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். வெயில் பட்டால் நகர்ந்து உட்கார வேண்டியது, மழை பட்டால் நகர்ந்து உட்கார வேண்டியது.

நான் டீச்சரம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "நான் என்னம்மா செய்ய? எங்க பிள்ளைகளை நிறுத்திருவோம்னு ஆளாளுக்கு வந்து சொல்லுதாங்க. ஒரு வரி வாயைத் தொறந்து வாசிச்சா நானே உள்ளே கூட்டிட்டு வந்திருவேன். ஆடித்தபசு லீவு முடிஞ்சும் இப்படியே இருந்தா பேரை அடிக்கணும்னு மேலே சொல்லிட்டாங்க" என்றார்.

அங்கிருந்து நேரே அம்மன் சன்னதிக்குப் போனேன். மரகதத்தின் வாயை அடைத்துவிடு தாயே என்று கேட்டது அப்போதுதான். அதற்காக ஆடிச்சுற்றும் நேர்ந்துகொண்டேன்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். தபசுக்குக் கொடி ஏறியதும் நாங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பிப்போம். ஒற்றைக் காலில் தவம் நிற்கிற தாயின் கால்வலியில் கொஞ்சத்தை நாங்கள் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. நேர்ந்துகொண்ட சுற்று முடிகிற வரைக்கும் உட்காரக் கூடாது என்பது எங்கள் தெருப் பெண்களின் வைராக்கியம். உட்கார்ந்தால் வேண்டுதல் கெட்டுப்போகும் என்பார்கள். மடி நிறையப் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு, சுற்றுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவோம். மற்றவர்கள் அம்மன் பேரைச் சொல்லிப் போட்டார்கள். நான் மரகதத்தின் பேரைச் சொல்லிப் போட்டேன்.

மரகதமும் சுற்ற வந்திருந்தாள். கனத்த உடம்பு, வெறும் வயிறு. எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் போனாள். நான் விடுவேனா? அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கோமதி என் பின்னால் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். அன்று காலையில் மரகதம் வெளியே போன பிறகு, வேண்டுமென்றே கோமதியை விட்டே அந்தக் கிணற்றில் இறைத்த தண்ணீர் அது.

உச்சிவெயிலில் கல் கொதித்தது. வடக்குப் பக்கம் திரும்பும்போது மரகதம் தள்ளாடினாள். அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளிறி, உதடு நீலம் பாரித்திருந்தது. பின்னால் வந்த பெண்கள், "ஐயோ, உக்காந்துட்டாளே, வேண்டுதல் போச்சே" என்று உச்சுக்கொட்டிவிட்டு விலகி நடந்தார்கள். எனக்கோ உள்ளம் குளிர்ந்துபோயிற்று. கேட்டாயே தாயே, கேட்டாயே! என்று புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு நானும் அவளைத் தாண்டினேன்.

பின்னால் ஒரு அலறல் கேட்டது.

"உக்காராதீங்க! உக்காந்தா எந்திரிக்க முடியாது! எந்திரிங்க பெரியத்தே!"

யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், நான் கேட்டதே இல்லையே! திரும்பினால் என் கோமதி, மரகதத்தின் இரண்டு கையையும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா இப்படித்தான் உக்காந்தாங்க! கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்னாங்க! எல்லாரும் தாண்டித் தாண்டிப் போனாங்க, என்னையும் இழுத்துட்டுப் போயிட்டாங்க! எந்திரிங்க!"

கூட்டம் நின்றுவிட்டது. கோமதி அந்தக் கனத்த உடம்பைத் தோளில் சாய்த்து, தரதரவென்று நிழலுக்கு இழுத்துக்கொண்டுபோனாள். சொம்பை நேரே வாயில் கவிழ்க்கவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அந்தக் கையையே மரகதத்தின் உதட்டில் வைத்தாள். நாப்பி தின்ன கை! தெருப் பெண்கள் பார்க்கிறார்கள், பள்ளிக்கூடத்துப் பெண்கள் பார்க்கிறார்கள், டீச்சரம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்க்கிறார். மரகதம் அந்தக் கையிலிருந்து உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாள். குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்து, "இன்னும் கொஞ்சம் தா, மக்கா" என்றாள்.

அடி என் தாயே! நாக்கு இழுக்க வேண்டும் என்று நான் கேட்டது எவ்வளவு அற்பமான பழி! எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அம்மனுக்குத் தீர்க்கத் தெரிந்தது.

என் மடியில் இன்னும் கொட்டை மிச்சம் இருந்தது. அதையெல்லாம் மரகதத்தின் பேருக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. மலைப்பாதையில் உட்கார்ந்துவிட்ட என் அண்ணன் பேரைச் சொல்லி, அழுதுகொண்டே மிச்சச் சுற்றையும் நடந்து முடித்தேன். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

அதற்காக மரகதத்தை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவளுக்கு எழுந்து நடக்க முடிந்த அன்றே போய் நின்றேன்.

"அக்கா, எந்தெந்த வீட்டுலே போயிச் சொன்னியளோ, அந்தந்த வீட்டுக்கு இப்ப என்கூட வாங்க."

"கால் வலிக்குட்டீ."

"மெதுவாத்தான் போவோம். எனக்கு ஒண்ணும் அவசரமில்லே."

நொண்டிக்கொண்டே வந்தாள். ஒரு வீடு நான் விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அவள் வாயாலேயே, "அந்தப் பிள்ளைதான் என் உசிரைக் காப்பாத்துச்சு" என்று சொல்ல வைத்துக் கேட்டேன். பனங்கற்கண்டு தின்றது போல இருந்தது.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சரம்மா புத்தகத்தை நீட்டினார். கோமதி தடுமாறித் தடுமாறி ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். அன்றே தாழ்வாரத்திலிருந்து உள்ளே போனாள், வருஷம் முடிவதற்குள் தன் வயதுப் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்தாள். முறுக்கு என்ற பேர் போகவில்லை. ஆனால் கேலி செய்த பெண்களே அதைச் செல்லமாக்கிக்கொண்டார்கள். இன்று அவளும் டீச்சர். பர்மாவிலிருந்து விரட்டிவிட்ட குடும்பத்துப் பிள்ளைகள் இப்போதும் வந்து சேருகிறார்கள். பேசாத பிள்ளை எது என்று பார்த்து, முதலில் அதன் பக்கத்தில் போய்த் தரையில் உட்காருவாள்.

உங்களுக்கும் யார் மேலாவது வயிறு எரிகிறதா? நல்லவர்கள் போல் வேஷம் போட்டுக்கொண்டு சன்னதிக்குப் போகாதீர்கள். எரிச்சலை எரிச்சலாகவே கொண்டுபோய் அவள் காலடியில் கொட்டுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

மரகதம் இன்னும் இருக்கிறாள். கிணற்றில் இறைக்கத் தெம்பில்லை. தினமும் விடிந்ததும் கோமதிதான் இறைத்துக் கொண்டுபோய் அவள் வீட்டுப் பானையில் ஊற்றுகிறாள். "தண்ணி வச்சிருக்கேன் பெரியத்தே" என்பாள். "மகராசியா இரு, மக்கா" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் அடுப்பையே பற்ற வைக்கிறேன்.