அம்மா கூட்டி வைத்த சத்தம்

"ம்மா, இந்தப் படம் ரொம்ப மெதுவாப் போகுது, மாத்தவா?" என்று மகள் ரிமோட்டை எடுத்தாள். "யாருமே இதைக் கடைசி வரைக்கும் பாக்குறதில்லையாம். இனிமே இந்த ஆப்ல இந்த மாதிரிப் படமே வாங்க மாட்டாங்களாம்."

யாருமே இல்லை என்றால், அப்புறம் நான் யார்?

என் சின்ன வயதில், வடமதுரையில் எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுத்தவர் மதியத்தில் மொபெட்டை உருட்டிக்கொண்டு வருவார். உள்ளூர் சேனலில் தான் போட்ட படம் எந்தெந்த வீட்டில் ஓடுகிறது என்று ஜன்னலோரம் காது கொடுப்பார். சத்தம் கேட்ட படம்தான் மறுபடி வரும். சண்டைப் படத்துக்குத் தெருவே அதிரும் என்பதால் வாரம் முழுக்கச் சண்டைதான்.

அம்மாவுக்கு நிதானமான படங்கள்தான் பிடிக்கும். மல்லி கட்டிக்கொண்டே பார்ப்பாள். அப்படியொரு படம் ஓடும்போது அவர் தலை தெரிந்தால் போதும், வாழைநாரை நனைத்த ஈரக்கையோடு எழுந்து போய் டிவி சத்தத்தை முழுதாகக் கூட்டிவிடுவாள்.

ஒருநாள் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னக்கா இம்புட்டுச் சத்தம்? காது கேக்கலையா?"

"எனக்கு நல்லாக் கேக்குதப்பு. உனக்குக் கேக்கணும்ல!"

அடுத்த வாரமும் அம்மாவுக்குப் பிடித்த மாதிரி ஒரு படம் வந்தது.

மகளிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கினேன். அடுப்பில் குழம்பு கொதித்தது. படத்தை நிறுத்தாமல், சத்தத்தை மட்டும் கூட்டி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

"பாட்டி மாதிரி சத்தத்தைக் கூட்டுனா ஆப்காரங்களுக்குக் கேக்குமாம்மா?" என்று சிரித்தாள்.

"கடைசி வரைக்கும் ஓடவிட்டாக் கேக்கும்டி" என்றேன்.