வீப்கேயின் இரண்டாம் தரப் பலகை

ஜெர்மனியின் நீன்பர்க் சந்தையில் ‘ஊதா, இரண்டாம் தரம்’ என்று பலகை மாட்டி அஸ்பாரகஸ் தண்டு விற்ற ஒரே ஆள் வீப்கேதான். மற்றவர்கள் வயலில் கறுப்பு பிளாஸ்டிக் விரித்து, வெயிலே படாமல் தண்டுகளை வெள்ளை வெளேரென்று வளர்த்தார்கள்.

“போர்த்தி வளக்க அதுக்கென்ன குளிர்காய்ச்சலா?” என்பாள் வீப்கே. மண்ணைப் பிளந்து வெயிலைப் பார்த்த அவளுடைய தண்டுகளுக்குத் தலை ஊதாவாகிவிடும். அவற்றை ‘வெள்ளை, முதல் தரம்’ என்று எழுதி விற்கக் கூடாது என்பது சட்டம். அவள் எழுதியதும் இல்லை.

பக்கத்துக் கடை ஹின்னர்க் வாராவாரம் வம்புக்கு இழுப்பான். “என்ன வீப்கே, இந்த வாரமும் ஃபெயிலா?”

“நானும் பாஸாயிட்டா நீ யாரப் பாத்துச் சிரிப்ப?”

ஒரு மே மாதம், காற்றில் ஹின்னர்க்கின் பிளாஸ்டிக் பிய்த்துக்கொண்டு பறந்ததை ஊரே பார்த்தது. அந்தச் சனிக்கிழமையும் அவன் பலகையில் முதல் தரம்தான். கூட்டம் நெரியும் நேரத்தில் தரச் சோதனை அதிகாரி வந்து ஒரு கட்டைப் பிரித்தார். வெளியே பால் வெள்ளை. நடுவில் அத்தனையும் ஊதா.

“பலகைய மாத்துங்க. இல்லன்னா கடைய மூடுங்க.”

மாற்ற இரண்டாம் தரப் பலகை ஏது? அதை வைத்திருப்பதே கேவலம் என்று நினைத்த சந்தை அது. முகம் சிவக்க ஹின்னர்க் வீப்கே முன்னால் வந்து நின்றான்.

“ஒண்ணு குடேன்.”

மேசைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து, தூசியை ஏப்ரனில் துடைத்துக் கொடுத்தாள்.

“நேரா மாட்டு, ஹின்னர்க். எங்கடையில அது ஒருநாளும் தலைகுனிஞ்சு தொங்கினதில்ல.”